காரணம் எழுத வேண்டிய கட்டம்

அக்டோபர் 9, புதன்

இன்று மாலை ஐந்து மணிக்கு என் மகள் பொற்கொடியின் சிப் தைவானுக்குப் போய்விட்டது. பார்சல், கூரியர் எதுவும் கிடையாது. வரைபடத்தைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்புகிறார்கள். அங்கே ஃபேக்டரியில் அதைப் பார்த்துச் சிப் அடிப்பார்களாம். பதினான்கு வாரம் ஆகும். இப்படி அனுப்புவதற்கு ‘டேப் அவுட்’ என்று பெயர்.

“இதுல டேப் எங்கம்மா இருக்கு?” என்றேன்.

“எங்க பாஸுக்கே தெரியாதுப்பா. நீங்க சாப்பிடுங்க” என்றாள்.

இந்த டைரி அவள் கம்பெனி கொடுத்தது. ஒன்பது மாதம் சும்மா கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். அருப்புக்கோட்டை மில்லில் வயர்மேனாகவும் ஃபோர்மேனாகவும் முப்பத்தோரு வருஷம் ஷிப்ட் புத்தகம் எழுதிய கை, எழுதாவிட்டால் அரிக்கிறது. என் சம்சாரம் மரகதம், மகன் வீட்டுப் பிரசவத்துக்கு மஸ்கட் போயிருக்கிறாள். ஊருக்குப் போகிறவர்கள் தொட்டிச் செடியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவதுபோல் என்னைப் பெங்களூரில் மகளிடம் வைத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை கப்பலில் என்ஜினீயர், மார்ச்சில்தான் கரையேறுவார். ஆக, வீட்டில் இருப்பது ஒரு எம்.டெக்கும் ஒரு பத்தாம் வகுப்பு ஐ.டி.ஐ.யும்.

பன்னிரண்டு வருஷ வேலையில் இது அவளுக்கு எட்டாவது சிப். முந்தைய ஏழிலும் வேறு யாரோ தலைமை. இதில் அவளே லீட். நாற்பது பேர் அவள் சொன்னபடி கேட்டிருக்கிறார்கள். என் சொல்லை வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கொடியின் லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தேன். சார்ஜர் சொருகும் ஓட்டைக்குள் கொஞ்சம் போய்விட்டது. அரை மணி நேரம் பல்குச்சியால் எடுத்தாள். “உங்களுக்கு எம்மேல என்னப்பா கோவம்?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஒவ்வொரு சிப் முடிந்ததும் அதை ஒரு கண்ணாடிக் கட்டிக்குள் வைத்து, அதில் வேலை செய்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அலமாரியில் ஏழு கட்டி இருக்கிறது. ஏழுக்கும் பொட்டு வைத்தேன். என் டெஸ்டரையும் பக்கத்தில் வைத்தேன். எட்டாவதுக்கு இடம் விட்டிருக்கிறாள்.

ஊரிலிருந்து சீனிச்சாமி ஃபோன் பண்ணினான். மில்லில் என்னோடு வயர்மேனாக இருந்தவன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கூப்பிடுவான். கையில் சந்தனம் இருந்ததால் எடுக்க முடியவில்லை. கழுவிய பிறகு பொரி சாப்பிடும் வேலை வந்துவிட்டது.

அக்டோபர் 16, புதன்

கொடியின் பாஸ் தீபாங்கர் வீட்டுக்கு வந்திருந்தார். வங்காளி. என் ரசத்தை டம்ளரில் வாங்கி இரண்டு தடவை குடித்தார். ஜனவரியில் கொடிக்கு ‘பிரின்சிபல்’ என்ற பெரிய பதவி வரும் என்றார். அவர்கள் ஆபீசில் அந்த நாற்காலியில் இதுவரை பெண் யாரும் உட்கார்ந்ததில்லையாம். மரகதத்திடம் சொன்னேன். “பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்குமே, அந்தப் பிரின்சிபலா?” என்றாள். எனக்கும் சரியாகத் தெரியாததால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பால்கனியில் துணி எடுக்கப் போனபோது கொடியின் கார் கீழே வந்து நின்றது. ஆறு நாற்பது. துணி எல்லாவற்றையும் மடித்து முடித்தும் அவள் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏழேகாலுக்கு வந்தாள்.

“டிராஃபிக்காம்மா?”

“ஆமாப்பா. சரியான டிராஃபிக்.”

அக்டோபர் 24, வியாழன்

இன்றும் அதே டிராஃபிக். முப்பத்தைந்து நிமிடம், காரின் இன்ஜினை அணைத்து வைத்துக்கொண்டு.

அக்டோபர் 27, ஞாயிறு

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். கொடியும் வந்து எதிரே உட்கார்ந்தாள். பத்து வெங்காயம் உரித்தாள். அப்புறம் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

இந்தச் சிப் மின்சார ஸ்கூட்டரில் பேட்டரியைக் கவனிக்கிற சிப். அதற்குள் இரண்டு பகுதி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கடிகாரத்துக்கு ஓடும். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு செய்தி போனால், வாசலில் அந்தப் பக்கத்துக் கடிகாரம் இரண்டு தடவை அடிக்கும்வரை காத்திருந்துதான் உள்ளே நுழைய வேண்டும். காத்திருக்காமல் நுழைந்தால் உள்ளே இருப்பவனுக்குச் செய்தி ஆமாவா இல்லையா என்று குழம்பும். எப்போதாவது ஒருமுறை அப்படியே உறைந்து நின்றுவிடும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சாஃப்ட்வேர் சிப் முழுவதும் பார்த்து, ‘இங்கே காத்திருக்க இடம் இல்லை’ என்று பட்டியல் கொடுக்கும். அறுநூற்றுப் பன்னிரண்டு இடம் கொடுத்ததாம். பெரும்பாலும் ஆபத்தில்லாத இடங்கள். வண்டியைக் கிளப்பும்போது ஒருதரம் போகிற செய்தி, அதன்பின் மாறவே மாறாது. அப்படிப்பட்ட இடங்களை ‘பரவாயில்லை’ என்று லீட் தள்ளிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“கடைசி வாரம்ப்பா. பழைய சிப்புல எழுதின காரணத்தையே காப்பி பண்ணிப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.”

“சரி.”

“அதுல ஒன்னு பழைய சிப் மாதிரி இல்ல. இதுல வண்டி ஓடும்போதே மாறுது. அந்தப் பகுதிய மாத்தச் சொன்னதே நான்தான். அதே நான்தான் ‘மாறாது’ன்னு கையெழுத்தும் போட்டிருக்கேன்.”

“யாருக்குத் தெரியும்?”

“நவீன்கிட்ட மட்டும் சொன்னேன். என் டீம்தான். ‘லட்சத்துல ஒரு வண்டி எப்பவாவது நிக்கும், அது ஏன் நின்னுச்சுன்னு எவனும் கண்டுபிடிக்க மாட்டான், விட்ரு’ங்கிறான்.”

இன்னும் ஒரு விஷயம். சிப்பைக் கீழிருந்து மேலாக அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். கீழ் அடுக்குகள் இப்போது நடக்கின்றன. மேலே போகும் கம்பி அடுக்குகள் நவம்பர் ஆறாம் தேதி ஆரம்பிக்கும். அதற்கு முன் சொன்னால் நிறுத்தித் திருத்தலாம். அதற்குப் பின் சொன்னால் எல்லாம் குப்பை.

“சொன்னா பிரின்சிபல் போயிரும்ப்பா. பதவி போனாக்கூடப் பரவாயில்ல. ‘மொதத் தடவையா ஒரு பொண்ணு கையில குடுத்தோம், பாருங்க’ம்பாங்க. டீம்ல எனக்குப் பின்னாடி மூனு பொண்ணுங்க இருக்குங்க.” வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?”

மகள் என்னிடம் யோசனை கேட்டது பத்தாம் வகுப்புக்குப் பின் இதுதான் முதல் தடவை. நான் சொன்னேன்: “பேசாம இருந்திரும்மா. யாராவது கேட்டாப் பாத்துக்கிடலாம். மில்லுல நாங்கல்லாம் அப்படித்தான ஓட்டினோம்.”

“அப்படி ஓட்டி ஒன்னும் ஆகலையா?”

“ஒன்னும் ஆகல” என்றேன்.

இன்றைக்கு வெங்காயம் நல்ல காரம். கண் எரிச்சல் சாயங்காலம்வரை இருந்தது.

அக்டோபர் 28, திங்கள்

காய்கறி வாங்கப் போனேன். வழியில் மின்சார ஸ்கூட்டர்களை எண்ணினேன். நாற்பத்தெட்டு. ஒன்றில் ஒரு பெண், முன்னால் நின்றபடி ஒரு குழந்தை. லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். முருங்கைக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய்க் குளியல். என் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போய்ப் பாயசத்துக்கு உறவாகிவிட்டது. கொடி குறை சொல்லாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள். குறை சொல்லாததுதான் பயமாக இருக்கிறது.

ஆறாம் தேதிக்கு ஆறு நாள்.

நவம்பர் 2, சனி

சீனிச்சாமி ஃபோன் பண்ணினான். எடுக்கவில்லை. குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கொடியிடம், “அன்னைக்குச் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கும்மா” என்று சொல்லலாம் என்று மூன்று தடவை ஹால்வரை போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நவம்பர் 4, திங்கள்

கொடி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். காலை பத்து மணிக்கு நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். நான் அடுக்களையில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்த காயையே திரும்ப எடுத்தேன்.

அவள் பேசியது முழுக்க இங்கிலீஷ். என் இங்கிலீஷ் ஸ்விட்ச்போர்டில் எழுதியிருப்பதைப் படிக்கும் அளவு. ஆனாலும் சில சொல் எட்டியது. தப்பு என்றாள். எத்தனையாவது வரி என்று நம்பர் சொன்னாள். தீபாங்கர் என்னவோ கேட்டார். யார் பார்த்தது, யார் தள்ளியது என்று கேட்டிருப்பார். கொடி சொன்னது நன்றாகக் கேட்டது. கையெழுத்து என்னுடையது என்றாள். நாற்பது பேரில் ஒரு பெயரையும் அவள் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். போகவில்லை. திரையில் ஆறு முகம் இருந்தது, ஒன்றும் அசையவில்லை.

முடிந்ததும் அடுக்களைக்கு வந்து, தட்டில் இருந்த பச்சை அவரைக்காய் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“சொல்லிட்டேன்ப்பா.”

“என்ன சொன்னாரு?”

“அப்புறம் கூப்பிடுறேன்னாரு.”

காப்பி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். இரண்டு பேருமே கவனிக்காமல் குடித்துவிட்டோம்.

நவம்பர் 5, செவ்வாய்

கூப்பிடவில்லை.

நவம்பர் 6, புதன்

மதியம் கூப்பிட்டார். தைவானில் நிறுத்தச் சொல்லியாகிவிட்டதாம். ஆனால் அவர்களுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தகவல் போயிருக்கிறது. முதலில் போன ஒரு சிறு பங்கு கம்பி அடுக்குக்குள் நுழைந்துவிட்டது. அது பழையபடியே வரும். மீதி எல்லாம் நிற்கிறது. கொடி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஏதோ கன்னட சமையல். நன்றாக இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

திருத்தும் வழி கிடைத்துவிட்டது. சிப் போடும்போதே அங்கங்கே எதற்கும் இணைக்காத சில சர்க்யூட்டுகளைத் தூவி வைப்பார்களாம். பிற்பாடு தேவைப்பட்டால் மேலே கம்பியை மட்டும் மாற்றி, அவற்றை வேலையில் இழுத்துக்கொள்ளலாம். அப்படி இரண்டை எடுத்து, காத்திருக்கும் இடம் செய்துவிட்டாள். ஐந்து நாள் ஆனது.

“ஸ்பேர் வச்சிருந்தது நல்லதாப் போச்சுப்பா” என்றாள். “நம்ம மில்லுலயும் ஸ்பேர் வச்சிருப்பீங்கல்ல?”

“வச்சிருப்போம்” என்றேன்.

தீபாங்கர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். திருத்தும் வேலையை அவள்தான் செய்ய வேண்டும், ஆனால் இனி இந்தச் சிப்புக்கு லீட் நவீன். பிரின்சிபல் பற்றி அவரும் எடுக்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

“விட்ருன்னு சொன்னானே, அந்த நவீனா?” என்றேன்.

“அவனேதான்.”

“இந்த உலகம் ஏன் இப்படி இருக்கு?”

“அடுப்புல ரசம் பொங்குது, பாருங்க.”

டிசம்பர் 8, ஞாயிறு

செல்லைச் சோபாவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது தப்பு. சீனிச்சாமி கூப்பிட, கொடி எடுத்துப் பேசிவிட்டாள். துண்டோடு வந்த என் கையில் செல்லைக் கொடுத்தாள்.

“ஏ சங்கரா, பெங்களூரு போயி பெரிய மனுசனாயிட்ட, ஃபோன எடுக்க மாட்டேங்கிற” என்றான். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறதாம். தை பிறந்து ஜனவரி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

“ஒன்னு கேப்பேன், தட்டக்கூடாது. தட்டு மாத்தணும்ல. பழம், தேங்கா, சேலைன்னு கனமா வைப்பாக. எனக்கு வலது கையில பிடிப்பு இல்ல, ஒனக்குத்தான் தெரியுமே. சபையில கீழ விழுந்துறக் கூடாது. நீ பக்கத்துல நின்னு ஒரு பக்கம் பிடிச்சுக்க.”

“ஒங்க அண்ணன் இருக்காரேடா.”

“அன்னைக்கு என்னையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அண்ணனா? நீதான? எடுபிடி வேலைக்குக்கூட ஆகமாட்டான்னு இருந்தவனுக்கு கேட்டுல வாட்ச்மேன் வேலை வாங்கிக் குடுத்தது யாரு? வந்துரு.”

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

டிசம்பர் 31, செவ்வாய்

இன்றோடு டைரி முடிகிறது. கடைசியில் ‘நினைவுக் குறிப்புகள்’ என்று நான்கு வெற்றுப் பக்கம் இருக்கிறது. இனி அதில்தான்.

ஜனவரி 20, திங்கள்

சிப் வந்துவிட்டது. திருத்தியதும் வந்தது, முதலில் தப்பிப் போன திருத்தாத பங்கும் வந்தது. பிரின்சிபல் யார் என்பதும் இன்று வந்தது. ஹைதராபாத் ஆபீசிலிருந்து ஒருவர். கொடி இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்.

ஜனவரி 22, புதன்

நேற்று முழுவதும், இன்று முழுவதும் சோதனை. திருத்திய சிப் நிற்காமல் ஓடுகிறது. திருத்தாததைப் பக்கத்தில் வைத்து, சூடு ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். லட்சத்தில் ஒன்று என்று நவீன் சொன்னானே, அந்தக் கணக்குத் தப்பு. ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் உறைந்து நின்றதாம்.

தீபாங்கர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, இது தெருவுக்குப் போயிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் உட்கார்ந்துவிட்டாராம். அந்த மூன்று பெண்களில் ஒருத்தி மாலையில் கொடியின் மேஜைக்கு வந்து, ‘அக்கா, என் பட்டியல்லயும் ஒன்னு இருக்கு, கூட உக்காந்து பாக்கிறீங்களா’ என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கொடியின் முகம் சரியாக இருந்தது.

திருத்தாத சிப் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். அலமாரியில் எட்டாவது இடத்தில் அதை வைத்தாள்.

“நல்லதை வைக்கலையா?”

“இதுதான்ப்பா என்னோடது” என்றாள்.

ஜனவரி 23, வியாழன்

முப்பத்தோரு வருஷம் ஷிப்ட் புத்தகம் எழுதினேன் என்று முதல் பக்கத்தில் பெருமையடித்திருக்கிறேன். அதில் ஒரு வரி பொய். அதை இங்கே எழுதுகிறேன்.

1996 ஜூன். ஒன்பதாம் நம்பர் மெஷினில் மோட்டார் ரிப்பேர். மில்லில் வழக்கம் என்னவென்றால், வேலை செய்கிறவன் அந்த மெஷினின் ஃபியூஸ் கேரியர் மூன்றையும் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அது அவன் பையில் இருக்கும்வரை யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. சீனிச்சாமி ஒழுங்காகக் கழற்றினான், பையில் போட்டான், மோட்டாருக்குள் கையை விட்டான்.

ஏழாம் நம்பர் நிற்கிறது என்று சூப்பர்வைசர் கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். பேனலில் ஃபியூஸ் இடம் காலியாக இருந்தது. எவனோ எடுத்துவிட்டான் என்று நினைத்து, டிராயரில் கிடந்த ஸ்பேர் கேரியர் மூன்றை எடுத்து மாட்டினேன். அது ஏழு இல்லை, ஒன்பது. நம்பரைப் பார்க்கவில்லை. அலறல் கேட்டதும் உருவி எடுத்து டிராயரில் போட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இரண்டு விரல் போயிற்று. மற்றதில் பிடிப்பு போயிற்று.

விசாரணைக்கு முன் ஷிப்ட் புத்தகத்தை நான்தான் எழுத வேண்டும். சீனியர் நான். ‘காரணம்’ என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘ஊழியர் தவறான மெஷினின் ஃபியூஸைக் கழற்றியிருக்கிறார்.’ யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. மயக்கம் தெளிந்ததும் அவன் என்னிடம் சொன்னது: “நம்பரப் பாக்காம விட்டுட்டேன் போலடா.”

அடுத்த வருஷம் நான் ஃபோர்மேன். அந்தச் சம்பளத்தில்தான் கொடி படித்தாள்.

ஜனவரி 24, வெள்ளி

கொடியிடம் சொன்னேன். சொல்லத் தைரியம் இல்லாமல் நேற்றைய பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன் என்பதுதான் சரி. நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு வெங்காயம் உரிக்கையில ஒன்னும் ஆகலைன்னீங்க.”

“ஆமாம்மா.”

ரொம்ப நேரம் அந்தக் கடைசி வரியிலேயே கண்ணை வைத்திருந்தாள். பிறகு செல்லை எடுத்து அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் போட்டாள். “நானும் வரட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். ரசம் எனக்காக அவள் வைத்தாள். உப்பு இல்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜனவரி 25, சனி. அருப்புக்கோட்டை

மாலை நான்கு மணிக்குப் போனேன். வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீனிச்சாமி இடது கையால் குழல்விளக்கைத் தூக்கிப் பிடித்து, எப்படி மாட்டுவது என்று பந்தல்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “வாய்யா ஃபோர்மேன்” என்றான்.

பின்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வந்தது எதுவும் வரவில்லை. “ஒன்பதுக்கு ஃபியூஸ் மாட்டினது நான்தான். நீ சரியாத்தான் கழட்டுன” என்று மட்டும் வந்தது. மற்றதெல்லாம் அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான், நான் சொன்னேன். டிராயர். ஸ்பேர். புத்தகத்தில் யார் கையெழுத்து என்பதுவரை கேட்டான்.

கடைசியில், “நான் நம்பரப் பாத்தேனா?” என்றான்.

“பாத்தடா.”

“பாத்தேன்ல?”

“பாத்த.”

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். வலது கையை மடியில் வைத்து, மிச்சம் இருக்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இருவத்தெட்டு வருசம்” என்றான். “ஒவ்வொரு வேலையிலயும் ரெண்டு தடவ, மூனு தடவ சரிபாக்கேன். கேட்டப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாப்பேன். எம் பொண்டாட்டி சிரிப்பா. நான் ஒரு கூறுகெட்டவன்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா.”

நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவன் மனைவி, “காப்பி ஆறுது, அண்ணனக் கூட்டிட்டு வாங்க” என்று குரல் கொடுத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. எனக்குக் காப்பி கிடையாது என்று புரிந்துகொண்டு கிளம்பினேன். பந்தல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டான்.

“சங்கரா.”

திரும்பினேன்.

“காலையில ஒம்போது மணிக்குத் தட்டு மாத்துறது. தட்ட நானே பிடிச்சுக்கிடுவேன்.” துண்டை உதறித் தோளில் போட்டான். “நீ வந்து உக்காரு.”

லாட்ஜில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நினைவுக் குறிப்புகளில் இதுதான் கடைசிப் பக்கம். காலையில் எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியவில்லை. கொடியிடம் ஃபோனில் கேட்டேன்.

“அவர் கண்ணுல படுற எடத்துலப்பா” என்றாள்.